ஊர் திரும்பிய புரோகிராமர் கூட்டாளி பிடிப்பது எப்படி

சென்னையிலோ பெங்களூரிலோ நாலைந்து வருடம் இருந்துவிட்டு, லேப்டாப்போடு ராமநாதபுரம் பக்கம் வந்து இறங்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். வீட்டுச் சாப்பாடு, வாடகை மிச்சம், கூப்பிடு தூரத்தில் கடல். முதல் இரண்டு மாதம் நன்றாகத்தான் போகும். மூன்றாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், மூன்று மணி நேரமாக உயிரை எடுத்த ஒரு பக் (எழுதிய நிரலில் ஒளிந்திருக்கும் தப்பு) பிடிபடும். பார்த்தால் ஒரேயொரு எழுத்துப் பிழை. சத்தமாகச் சிரித்துவிட்டுத் திரும்பினால், பக்கத்தில் அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருப்பார். "என்னப்பா?" "ஒண்ணுமில்லம்மா." அந்த ஒண்ணுமில்லைக்குத்தான் இந்தக் கட்டுரை.

நான் உச்சிப்புளிக்காரன். ஆறு வருடத்துக்கு முன் சென்னையிலிருந்து மூட்டை கட்டினேன். முதல் ஒன்றரை வருடம் இந்தத் தொழிலில் இருக்கும் ஒரு ஆளைக்கூட இங்கே தெரியாது. இன்றைக்கு நாலு பேர் இருக்கிறார்கள். கீழக்கரையில் ஒருவர், தங்கச்சிமடத்தில் ஒரு தம்பி, ராமநாதபுரம் டவுனில் ஒரு அக்கா, தேவிபட்டினத்தில் ஒருவர். நாலு பேர் தாராளம். சொல்லப்போனால் இரண்டு பேரே போதும். ஆயிரம் பேர் இருக்கும் டெலிகிராம் குழுக்கள் எனக்கு அப்போதே ஏழு இருந்தன. அந்த ஏழில் ஒன்றிலிருந்தும் ஒருவர்கூட டீ குடிக்கக் கூப்பிட்டதில்லை.

எங்கள் பக்கம் நண்பனைக் கூட்டாளி என்போம். பள்ளிக்கூடத்துக் கூட்டாளி, கடலுக்குப் போகும் கூட்டாளி. கூட்டாக ஏதாவது செய்தால்தான் கூட்டாளி. மற்றபடி தெரிந்தவர், அவ்வளவுதான். கீழே சொல்வதெல்லாம் இதைச் சுற்றித்தான் வரும்.

ஆளைக் கண்டுபிடிப்பது

கம்பெனி வாசலில் நின்று ஆள் பிடிக்க இங்கே வழியில்லை. நம்ம ஆட்கள் எல்லாம் மாடி அறையில் ஃபேனுக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்துத் தெருக்காரருக்கே அவர் என்ன வேலை பார்க்கிறார் என்று தெரியாது. கேட்டால், "ஏதோ கம்ப்யூட்டர் வேலையாம்" என்பார்.

என் அனுபவத்தில் இதற்கு முதல் ஆள், ஃபைபர் லைன் போடுகிறவர். எந்த வீட்டில் 100 Mbps வேக பிளான், எந்த வீட்டில் லைன் பத்து நிமிஷம் போனாலே போன் வரும், யார் ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் "அண்ணே நெட் வரல" என்று கெஞ்சுவார், எல்லாம் அவருக்கு அத்துப்படி. அப்படிக் கெஞ்சுகிறவர் பெரும்பாலும் நம்ம ஆள்தான். ஆனால் அவர் நம்பரையோ வீட்டையோ கேட்காதீர்கள். உங்கள் நம்பரைக் கொடுத்து, "அவங்களுக்கு இஷ்டம்னா எனக்குப் பேசச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லுங்கள். எங்கள் லைன்காரரின் மச்சான் கீழக்கரையில் அதே வேலை பார்க்கிறார். கீழக்கரைக்காரர் எனக்குக் கிடைத்தது அந்த வழியில்தான்.

அடுத்தது ரயில். வெள்ளிக்கிழமை சென்னையில் சேது எக்ஸ்பிரஸ் ஏறுகிறவர்களில் லேப்டாப் பையைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறவர்களைப் பாருங்கள். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்ற பிறகு, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும்வரை, தீவுக்குள் ரயில் போகவில்லை. மண்டபத்தோடோ ராமநாதபுரத்தோடோ நின்றுவிடும். விடிகாலையில் மூட்டையோடு ராமேஸ்வரம் பஸ்ஸுக்கு ஓட வேண்டும். அப்படி ஒருநாள் ஓடிப் பிடித்த பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன் லேப்டாப்பில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் பென்குவின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தான். உச்சிப்புளி வரும்வரை பேசினோம். அவன்தான் தங்கச்சிமடத்துத் தம்பி.

கல்லூரிகளும் உண்டு. கீழக்கரை, ராமநாதபுரம், புல்லங்குடி என்று பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. கணினித் துறையில் யாராவது ஆசிரியரைப் பிடித்து, கடைசி வருடப் பிள்ளைகளுக்கு இரண்டு மணி நேரம் கிட் (Git, நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) சொல்லித் தருகிறேன் என்று கேளுங்கள். பதினைந்து பேர் கேட்டால் மூன்று பேர் நம்பர் வாங்குவார்கள், ஒருவர் பேசுவார். அந்த ஒருவர் போதும். பொங்கலுக்கு ஊர் வரும்போது இன்னும் இரண்டு பேரைக் கூட்டிவருவார்.

லிங்க்ட்இன்னில் ஊர் பெயர் போட்டுத் தேடுவதையும் செய்து பாருங்கள். பாதிப் பேர் ஊர் பெயரை மாற்றாமல் இன்னும் சென்னை, பெங்களூர் என்றே வைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் வைத்திருந்தேன்.

இன்னொன்று. நீங்கள் கம்ப்யூட்டர்காரர் என்று தெரிந்ததும் தெருவில் பிரிண்டர் ரிப்பேர், தேர்வு ஹால் டிக்கெட், ஆதார் முகவரி மாற்றம் என்று வருவார்கள். "அது என் வேலை இல்லை" என்று சொல்லிவிடாதீர்கள். மாதம் நாலு ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால் குறைந்துபோகாது. தேவிபட்டினத்துக்காரர் ஹால் டிக்கெட் வாங்க வந்த ஒரு பெண்ணின் அண்ணன்.

முதல் மெசேஜ்

"ஹாய் ப்ரோ" என்று போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது நம் தொழிலில் பெரும் பாவம். அந்தப் பக்கம் இருப்பவர் வேலைக்கு நடுவே திறந்து பார்த்து, என்ன விஷயம் என்று தெரியாமல், பிறகு பார்க்கலாம் என்று மூடிவிடுவார். அந்தப் பிறகு வராது. நான் கீழக்கரைக்காரருக்கு அனுப்பியது ஏறக்குறைய இப்படி இருந்தது:

"வணக்கம். உச்சிப்புளியில் இருந்தபடி ஜாவா வேலை பார்க்கிறேன். நீங்கள் பேசலாம் என்று சொன்னதாக ஃபைபர் லைன் அண்ணன் சொன்னார். டேட்டாபேஸ் இணைப்பு ஒன்று ராத்திரியானால் அறுந்துபோகிறது. இரண்டு நாளாக மண்டை காய்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் ராமநாதபுரம் வருவேன். அரண்மனைப் பக்கம் ஒரு டீ குடிக்க அரை மணி நேரம் கிடைக்குமா? முடியாவிட்டால் பரவாயில்லை, இன்னொரு நாள் பார்ப்போம்."

யார், எப்படித் தெரியும், என்ன வேண்டும், எங்கே, எவ்வளவு நேரம், வேண்டாம் என்றால் தப்பிக்க ஒரு கதவு. இவ்வளவும் அதில் இருக்கின்றன. முக்கியமாக, அவருக்குத் தெரிந்த ஒன்றை அவரிடம் கேட்டிருக்கிறேன். நமக்குத் தெரிந்ததைக் காட்டிக்கொண்டு போனால் பரீட்சை வைக்க வந்தவன் மாதிரி இருக்கும். தெரியாததோடு போனால் உட்காரச் சொல்வார்கள்.

முதல் மெசேஜில் சம்பளம் கேட்காதீர்கள். உங்கள் கம்பெனியில் ரெஃபரல் கிடைக்குமா என்றும் கேட்காதீர்கள். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு முறை. அதற்கும் வராவிட்டால் அவரை அவர் போக்கில் விட்டுவிட வேண்டியதுதான்.

அண்ணனா, ப்ரோவா, பெயரா?

இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். இல்லை. கம்பெனியில் ஐம்பது வயது மேலாளரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டிருப்பீர்கள். இங்கே மூன்று வயது மூத்தவர் அண்ணன், மூன்று வயது இளையவர் தம்பி, அதற்கு மேல் பேச்சில்லை. ப்ரோ என்பது இரண்டுக்கும் நடுவில் ஒரு பாலம், கொஞ்ச நாள் ஓடும். ஆறு மாதம் பழகிய பிறகும் ப்ரோ என்றே இருந்தால் இன்னும் பாலத்திலேயே நிற்கிறீர்கள் என்று அர்த்தம்.

கீழக்கரைக்காரரை முதலில் சார் என்றேன், கூச்சப்பட்டார். பாய் என்றேன், சிரித்தார். அவர்கள் வீட்டுப் பக்கம் மூத்தவரைக் காக்கா என்பார்கள். அதைச் சொல்லிவிட்டு, "உங்களுக்கு எது வாய்க்கு வருதோ அதைச் சொல்லுங்க" என்றார். எனக்கு வாய்க்கு வந்தது அண்ணன்தான்.

சிக்கல் வருவது கோடு, அதாவது எழுதிய நிரல், பார்க்கும்போது. அண்ணன் எழுதியதில் தப்பு இருக்கிறது என்று தம்பி எப்படிச் சொல்வான்? தங்கச்சிமடத்துத் தம்பி என் கோடைப் பார்த்துவிட்டு, "அண்ணே, இந்த லூப்ல எனக்கு ஒரு சின்ன டவுட்டு" என்பான். அவன் டவுட்டு என்று சொன்னால் அந்த இடம் சுத்தமாகத் தப்பு என்று புரிந்துகொள்ள எனக்கு நாலு மாதம் ஆனது. அதற்குள் ஒருமுறை அந்தச் சின்ன டவுட்டு நேராக புரொடக்ஷனுக்கு, அதாவது வாடிக்கையாளர் பயன்படுத்தும் இடத்துக்கே, போய்விட்டது. அப்புறம் உட்கார்ந்து பேசி ஒரு விதி வைத்தோம். லேப்டாப் திறந்திருக்கும்வரை அண்ணனும் கிடையாது, தம்பியும் கிடையாது. "இது தப்பு, ஏன்னா..." என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். மூடிய பிறகு எல்லா மரியாதையும் வட்டியோடு திரும்பி வரும். டவுனில் இருக்கும் அக்காவும் அதேதான் சொன்னார். வேலை பேசும்போது பெயர், டீ குடிக்கும்போது அக்கா.

எங்கே உட்காருவது, என்றைக்கு?

முதல் சந்திப்பு டீக்கடை. லேப்டாப் வேண்டாம். அரை மணி நேரம் என்று சொன்னால் அரை மணி நேரத்தில் எழுந்துவிடுங்கள். "இன்னும் கொஞ்சம் இருக்கலாமே" என்று அவர் நினைக்கும்போது கிளம்பினால் அடுத்த சனிக்கிழமை நிச்சயம்.

இரண்டாவது சந்திப்பிலிருந்து மேசை வேண்டும், மின்சாரம் வேண்டும். பேசாமல் படிக்க ராமநாதபுரத்தில் மாவட்ட மைய நூலகம் உண்டு. பேசி வேலை பார்க்க யாராவது ஒருவர் வீட்டு ஹால்தான் சரிப்படும். எங்களுக்கு டவுன் அக்கா வீடு. நாலு சார்ஜர், ஒரே பிளக். யாருடைய பேட்டரி முதலில் சாகும் என்பதை வைத்தே பல சனிக்கிழமை ஓடியிருக்கிறது.

கடற்கரையில் உட்கார்ந்து கோடு எழுதும் ஆசை எல்லோருக்கும் வரும். எனக்கும் வந்தது. அரியமானில் சவுக்குத் தோப்பு நிழலில் பாய் விரித்து உட்கார்ந்தோம். வெளிச்சத்தில் ஸ்கிரீனில் என் முகம்தான் தெரிந்தது. மணல் கீபோர்டுக்குள் போனது. உப்புக் காற்று சார்ஜர் பின்னில் என்ன செய்யும் என்பது அடுத்த மாதம் தெரிந்தது. கடலுக்குப் போங்கள், லேப்டாப்பை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

பெண்களுக்குத் தனியாகச் சிலது சொல்ல வேண்டும். நான் சொல்வதைவிட அக்கா சொன்னதையே சொல்கிறேன். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவர். "ரெண்டு வருஷம் இந்த வீட்டுல நான் லேப்டாப்புல படம் பாக்குறேன்னுதான் நினைச்சாங்க" என்பார். அவர் முதலில் தேடியது இன்னொரு பெண்ணைத்தான். சென்னையில் கூட வேலை பார்த்த தோழி ஒருத்தி, தினமும் காலை பத்து மணிக்கு வீடியோ காலில். இருவரும் கால் போட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். பேச்சு இருந்தால் பேசுவார்கள். சந்திப்பைத் தன் வீட்டிலேயே, பகலில், மாமியார் ஹாலில் டிவி பார்க்கும் நேரத்தில் வைத்ததும் அவர் யோசனைதான். மூன்றாவது வாரம் மாமியாரே எங்களுக்குப் பனங்கிழங்கு அவித்து வைத்திருந்தார். புது ஆளைத் தனியாகப் பார்க்க வேண்டாம், இரண்டு பேராகப் போங்கள், இடத்தை நீங்கள் சொல்லுங்கள். இதற்குக் கோபித்துக்கொள்கிற ஆள் நமக்கு வேண்டாம்.

நாள் விஷயம் ஊரைப் பொறுத்தது. கீழக்கரையில் வெள்ளி மதியம் ஜும்ஆ. ரமலானில் சாயங்காலச் சந்திப்பை நோன்பு திறந்த பிறகு வையுங்கள், நோன்புக் கஞ்சியும் கிடைக்கும். தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் ஞாயிறு காலை பூசை. அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்க்கிறவர் காலை பத்துக்கு முன் எழமாட்டார். வீட்டில் படகு இருக்கிறவர்களுக்குக் கணக்கே வேறு. விசைப்படகு போகும் நாளும் நாட்டுப்படகு போகும் நாளும் ஒன்றில்லை. படகு கரை சேரும் காலையில் தம்பியை எதற்கும் கூப்பிட முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். அந்த இரண்டு மாதம் அவன் ஓரளவு ஃப்ரீ, ஆனால் வீட்டில் காசு இறுக்கம். அப்போது டீக்காசு யார் கொடுப்பது என்பதைப் பேசாமல் செய்துவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் கரண்ட் கட்டும். எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் எங்களுக்கு மிஞ்சியது சனிக்கிழமை மாலை நாலிலிருந்து ஆறு.

வாரம் இரண்டு மணி நேரம் எதற்காகும் என்று தோன்றும். அமெரிக்காவில் கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-ல் இதைக் கணக்குப் பார்த்தார். தெரிந்தவர் என்ற நிலையிலிருந்து சாதாரண நண்பராக சுமார் 50 மணி நேரம் சேர்ந்து இருக்க வேண்டியிருக்கிறது. நண்பர் என்று சொல்லச் சுமார் 90 மணி. நெருங்கிய நண்பருக்கு 200-க்கும் மேல். அமெரிக்கக் கணக்கு இங்கே அப்படியே பொருந்தாது. ஆனாலும் வாரம் இரண்டு மணி என்றால் 50-ஐத் தொட 25 வாரம், கிட்டத்தட்ட அரை வருடம். மூன்றாவது வாரத்திலேயே "இது செட் ஆகல" என்று விடுகிறவர்கள் ஆறு மணி நேரத்தில் விடுகிறார்கள்.

உட்கார்ந்து என்ன செய்வது?

பாம்பனில் கரையோரம் வலை சரிசெய்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். காலை நீட்டி, பெருவிரலில் வலைக்கண்ணை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, அறுந்த இடத்தை ஊசியால் பின்னிக்கொண்டே போவார்கள். பக்கத்தில் இன்னொருவர், அதே வலையின் இன்னொரு ஓரத்தில். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. கண் வலையில், பேச்சு ஊர் முழுக்க. மகளுக்கு வரன், டீசல் கடன், இலங்கையில் பிடிபட்ட படகு, எல்லாம் வரும். எதிரெதிரே உட்காரவைத்து "மனசு விட்டுப் பேசுங்க" என்றால் ஒரு வார்த்தை வராது.

நம் ஆட்களும் அதே வகை. "எப்படி இருக்கீங்க" என்றால் "நல்லாருக்கேன்" என்று முடிந்துவிடும். ஒரே ஸ்கிரீனை இரண்டு பேரும் பார்க்கும்படி ஒரு வேலை வையுங்கள்.

எங்களுக்கு முதலில் ஓடியது பக் பரிமாற்றம். ஆளுக்கு ஒரு சிக்கல் கொண்டுவர வேண்டும். பத்து நிமிஷம் விளக்க வேண்டும், மற்றவர் குறுக்கே பேசக்கூடாது. மேசையில் வைத்த ரப்பர் வாத்து பொம்மையிடம் விளக்கினாலே பாதி பக் தெரிந்துவிடும் என்று நம் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. அதையே ஆளை வைத்துச் செய்கிறோம். வாத்துக்கு இல்லாத வசதி, ஆள் இடையில் "ம்" கொட்டுவார். என்னுடைய ராத்திரியில் அறுந்துபோகும் டேட்டாபேஸ் இணைப்பு இப்படித்தான் பிடிபட்டது. விளக்கிக்கொண்டிருக்கும்போதே, பேக்கப் ஓடும் நேரமும் அதுவும் ஒன்றுதான் என்று என் வாயாலேயே வந்தது. கீழக்கரைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. டீயை உறிஞ்சினார். ஆனால் இன்றுவரை அதைத் தான் கண்டுபிடித்ததாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஒரு எச்சரிக்கை. ஆபீஸ் கோடை வெளியாள் கண்ணில் காட்டக் கூடாது என்று வேலைக்குச் சேரும்போதே கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். சிக்கலை மட்டும் பிரித்தெடுத்து, பெயரெல்லாம் மாற்றி, பத்து வரியில் புதிதாக எழுதிக் கொண்டுவாருங்கள். அந்தப் பத்து வரி எழுதும்போதே பாதி நேரம் விடை வந்துவிடும், அது வேறு விஷயம்.

இரண்டாவது, ஒருவர் தட்டச்ச, ஒருவர் பக்கத்திலிருந்து வழி சொல்வது. இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை கீபோர்டு கை மாற வேண்டும். மாறாவிட்டால் ஒருவர் வகுப்பெடுப்பார், மற்றவர் கொட்டாவி விடுவார். புதிதாகச் சேர்ந்தவரிடம் முதலில் கீபோர்டைக் கொடுங்கள்.

மூன்றாவது எனக்கு ரொம்பப் பிடித்தது: ஊரை வரைவது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2004-ல் தொடங்கிய திறந்த வரைபடம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். உங்கள் தெரு அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் பெயர் இருக்காது, பெயர் இருந்தாலும் தமிழில் இருக்காது. ஆண்ட்ராய்டு போனில் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் ஆப் போட்டுக்கொண்டு இரண்டு பேராக நடந்தால், அதுவே தெருத்தெருவாகக் கேள்வி கேட்கும். இந்தச் சாலை தார்ச்சாலையா, இந்தக் கடை இன்னும் இருக்கிறதா என்று. தங்கச்சிமடத்தில் தம்பியோடு ஒரு மாலை நடந்தோம். அக்காள்மடம்வரை போய்த் திரும்புவதற்குள் எந்தக் கிணற்றில் நல்ல தண்ணீர், எந்தத் திண்ணையில் அவன் தாத்தா சீட்டாடினார், அவன் ஏன் மெக்கானிக்கல் படித்துவிட்டு இந்தப் பக்கம் வந்தான், எல்லாம் தெரிந்துவிட்டது. வரைபடத்தில் பதினொரு இடத்துக்குத் தமிழ்ப் பெயர் ஏறியது. அந்த ஒரு மாலையை மூன்று மாத சாட்டோடு மாற்றச் சொன்னால் மாற்றமாட்டேன்.

கூடவே ஒரு தடுப்பு. ஊருக்கு வந்த புதிதில் எல்லோரும் "மீனவர்களுக்கு ஒரு ஆப் செய்வோம்" என்று கிளம்புவார்கள். எங்கே மீன் கிடைக்கும் என்ற அறிவிப்பை ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற அரசுக் கடல் தகவல் நிறுவனம் ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருக்கிறது. தம்பியின் அப்பாவிடம் எங்கள் திட்டத்தைச் சொன்னபோது, "காத்தப் பத்திச் சொல்றதுக்கு ஆயிரம் பேர் இருக்காங்க தம்பி, ஐஸ்காரன் எத்தனை மணிக்கு வருவான்னு சொல்ல ஒரு ஆளு இல்ல" என்றார். ஆப் செய்வதற்கு முன் ஒரு மாதம் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.

வெளியூர் கூட்டங்கள்

தமிழில் கட்டற்ற மென்பொருள் (யாரும் எடுத்துப் பயன்படுத்தி மாற்றக்கூடியது) பற்றி எழுதவும் பேசவும் 2012 முதல் கணியம் என்ற இணைய இதழ் இருக்கிறது, அங்கே எழுத ஆரம்பித்தாலே நாலு பேர் அறிமுகமாவார்கள். சென்னையில் லினக்ஸ் பயனர் குழுவும் பைத்தான் குழுவும் கூட்டம் போடுவது உண்டு. சென்னைக்கு வெளியேயும் இது நடக்கும் என்பதற்கு விழுப்புரம் லினக்ஸ் பயனர் குழு சாட்சி. ஆனால் நம் கரைக்குக் கிட்டத்தில் இருப்பது மதுரைதான். ராமநாதபுரத்திலிருந்து நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், பஸ்ஸில் போகவர ஐந்து மணி நேரம் என்று வையுங்கள். தனியாகப் போனால் அலுப்பு. இரண்டு பேராகப் போனால் அந்த 50 மணியில் பத்தில் ஒரு பங்கு ஒரே நாளில் தேறும். கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்பது எனக்குப் பெரும்பாலும் மறந்துவிடும். பரமக்குடியில் பஸ் நின்றபோது பேசியது மறக்காது.

கூட்டத்தில் சந்தித்தவர்களிடம் நம்பர் வாங்குங்கள், வருடத்துக்கு இரண்டு முறையாவது ஒரு வரி பேசுங்கள். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

நடுவில் காசு வந்தால்

நானும் தேவிபட்டினத்துக்காரரும் சேர்ந்து ஒரு கடைக்கு பில்லிங் மென்பொருள் எழுதினோம். பாதிப் பாதி என்று வாயால் பேசினதுதான். நான் வேலையில் மாட்டிக்கொண்டதால் கடைசி மூன்று வாரம் அவரே இழுத்துப் போட்டுச் செய்தார். கடைக்காரர் பணத்தைத் தவணை தவணையாகக் கொடுத்தார், அதுவும் என் கணக்குக்கு. நான் பாதியை அனுப்பினேன். அவர் பதில் போடவில்லை. எனக்குத் தப்பு தெரியவில்லை, அவருக்குக் கேட்க வாய் வரவில்லை. நாலு மாதம் பேச்சு இல்லை. சனிக்கிழமை இருவரில் யார் வருகிறார் என்று தெரிந்துகொண்டு மற்றவர் வராமல் இருந்தோம். அக்காதான் இருவரையும் ஒரே நேரத்துக்கு வரச் சொல்லி ஒரு நாள் மாட்டிவிட்டார்.

அதிலிருந்து பழக்கம் இது. சேர்ந்து வேலை எடுத்தால், யார் எதைச் செய்வது, எத்தனை நாள், பங்கு எவ்வளவு, நடுவில் ஒருவர் விலகினால் என்ன, பணம் யார் கணக்குக்கு வரும் என்று வாட்ஸ்அப்பில் ஐந்து வரி போட்டு இருவரும் "சரி" என்று எழுதிவிட வேண்டும். கூச்சமாகத்தான் இருக்கும். அந்தக் கூச்சம் ஐந்து நிமிஷம், எங்கள் கோபம் நாலு மாதம்.

ஆளைக் காணோம் என்றால்

போன வருடம் தம்பி மூன்று சனிக்கிழமை வரவில்லை. மெசேஜுக்கு "கொஞ்சம் பிஸிண்ணே" என்று பதில். இந்தத் தொழிலில் உண்மையிலேயே பிஸியாக இருப்பவர் வேலையைப் பற்றி நாலு வார்த்தை புலம்பியிருப்பார். புலம்பல் இல்லாத பிஸி எனக்குச் சரியாகப் படவில்லை. நாலாவது சனிக்கிழமை பைக்கை எடுத்துக்கொண்டு தங்கச்சிமடம் போனேன்.

வாசலில் அவன் அப்பா வலையோடு உட்கார்ந்திருந்தார். "உள்ளதான் இருக்கான், போங்க தம்பி" என்றார். நான் ஒன்றும் கேட்கவில்லை. லேப்டாப்பைத் திறந்து, "ஒரு டவுட்டு, பாரு" என்று என் சிக்கல் ஒன்றை வைத்தேன். முக்கால் மணி நேரம் இருவரும் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம், ஸ்கிரீனைப் பார்த்தபடியே, "வேலை போயிருச்சுண்ணே. வீட்ல சொல்லல" என்றான்.

இந்த நேரத்தில் "வேற கம்பெனியா இல்ல" என்று ஆரம்பிக்காதீர்கள். எவ்வளவு நாளாச்சு, கையில் எத்தனை மாதத்துக்குக் காசு இருக்கிறது, வீட்டில் யாரிடம் முதலில் சொல்லலாம், இந்த மூன்றைக் கேட்டால் போதும். தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்கிற மாதிரிப் பேச்சு வந்தால் நீங்களே டாக்டர் ஆகாதீர்கள். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணுக்குப் பக்கத்திலிருந்து போன் போட்டுக் கொடுங்கள். அரசு நடத்துவது, காசு கிடையாது. தம்பிக்கு அதுவரை போகவில்லை. அன்று ராத்திரி அப்பாவிடம் சொல்லிவிட்டான்.

அடுத்த சனிக்கிழமை நாங்கள் பக் எதுவும் எடுக்கவில்லை. அவன் ரெஸ்யூமேயை எடுத்தோம். நாலு பேரும் எங்களுக்குத் தெரிந்த எல்லோருக்கும் அனுப்பினோம். வேலை எங்கள் நாலு பேர் கம்பெனியில் கிடைக்கவில்லை. மதுரைக் கூட்டத்தில் ஒரே ஒருமுறை பார்த்து, வருடத்துக்கு இரண்டு வரி பேசிக்கொண்டிருந்த ஒருவர் மூலம் வந்தது. மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-லேயே இதைச் சொல்லியிருக்கிறார். தெரிந்தவர் மூலம் வேலை பிடித்தவர்களை விசாரித்ததில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி பார்ப்பவர்கள் ஆறில் ஒரு பங்குதான். மீதிப் பேர் எப்போதாவது பார்க்கிறவர்கள், அல்லது வருடத்துக்கு ஒருமுறையோ அதற்கும் குறைவாகவோ பார்க்கிறவர்கள். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததுதானே, புதுச் செய்தி தள்ளி இருப்பவரிடமிருந்துதான் வரும். அந்த நம்பர்களை வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்குத்தான்.

முதல் சம்பளம் வந்த சனிக்கிழமை தம்பி கையில் ஒரு பார்சலோடு வந்தான். ஸ்வீட் என்றுதான் நினைத்தோம். பிரித்தால் ஆறு பிளக் வைத்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். நாலு சார்ஜர் மாட்டியும் இரண்டு பிளக் காலியாக இருந்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டு, "புல்லங்குடி காலேஜ்ல ஒரு பொண்ணு மெசேஜ் போட்டிருக்கு, அடுத்த வாரம் வரச் சொல்லவா?" என்றார்.